உமிக்கரியும் சர்க்கரையும் – தஞ்சை மண்ணில் பல் சொத்தை வந்த கதை

"பேஸ்ட் வந்தது, பல் போனது!" தஞ்சாவூர்ப் பக்கம் பெரியவர்கள் கூடும் திண்ணைகளில் இந்தப் பேச்சு ஒருமுறையாவது வரும். உமிக்கரியால் பல் துலக்கிய தலைமுறை கரும்பைப் பல்லாலேயே உரித்துத் தின்றது. பேஸ்ட் தலைமுறையோ பத்து வயதிலேயே சொத்தைப் பல்லோடு நிற்கிறது என்பது அவர்கள் வாதம். அவர்கள் கண்ணால் கண்டது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுதானா?

முதலில் உமிக்கரியைப் பார்ப்போம். நெல் விளையும் காவிரிக் கரையில் உமிக்குப் பஞ்சம் ஏது? நெல் குத்தியபின் மிஞ்சும் உமியைக் குவித்து, தணல் போட்டு, மெதுவாகப் புகையவிட்டுக் கருக்குவார்கள். நன்றாக எரிந்துவிட்டால் வெறும் சாம்பல்தான் மிஞ்சும். எனவே பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தக் கரியோடு உப்புச் சேர்த்துப் பொடித்து வைத்துக்கொண்டால், காலையில் ஆள்காட்டி விரல்தான் பிரஷ். பைசா செலவில்லை. ஆலங்குச்சி, வேலங்குச்சி, வேப்பங்குச்சி கிடைத்தால் அன்றைக்கு அது.

இவை பல்லில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்து எடுக்கும். அவ்வளவுதான். உமியில் மணலில் உள்ள அதே சிலிக்கா அதிகம். அழுத்தித் தேய்த்தால் பல்லின் மேலுறையான எனாமலும் சேர்ந்து தேயும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. ஆகவே அந்தக் காலப் பற்களைக் காப்பாற்றிய புகழை உமிக்கரிக்கு மட்டும் கொடுத்துவிட முடியாது.

பல் ஏன் சொத்தையாகிறது என்று கேட்டால் அன்று கிடைத்த பதில், "பூச்சி". இன்றும் பேச்சு வழக்கில் அது 'பூச்சிப் பல்'தான். கண்டங்கத்திரி விதையை நெருப்பிலிட்டு, அந்தப் புகையை வாயில் பிடித்தால் புழு விழும் என்று வைத்தியம் செய்தார்கள். நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். பாபிலோனியர்களும் பல் புழுவை நம்பினார்கள். ஐரோப்பாவில் கத்திரிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையைப் புகைத்து இதே வைத்தியம் நடந்தது. சூட்டில் வெடித்த விதையின் முளையைத்தான் புழு என்று காட்டினார்கள்! பிரான்ஸ் நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலில் இந்தப் புழுக் கதையை ஏற்க மறுத்தார். 1890இல் பெர்லினில் ஆராய்ச்சி செய்த அமெரிக்கர் மில்லர், வாயிலுள்ள கிருமிகள் இனிப்பையும் மாவுப் பொருளையும் அமிலமாக்குகின்றன, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்கிறது என்று விளக்கினார்.

சரி, அந்தக் கிருமிகளுக்குத் தீனி எங்கிருந்து வந்தது? தஞ்சைக் கிராமத்தில் வயல் வேலைக்குப் போனவர்களின் காலை உணவு பழைய சோறும் நீராகாரமும். இனிப்பு என்றால் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ வெல்லம் போட்டுச் செய்த பண்டம். வெல்லமும் பல்லைக் கெடுக்கும்தான். ஆனால் வருடத்தில் சில நாள் தின்பதும் தினம் நாலு வேளை தின்பதும் ஒன்றாகுமா?

1932இல் பிரிட்டிஷ் இந்திய அரசு, ஜாவாவிலிருந்து வந்து குவிந்த சர்க்கரைக்குக் கடும் வரி போட்டு உள்நாட்டுத் தொழிலுக்குப் பாதுகாப்பு கொடுத்தது. முப்பது சொச்சமாக இருந்த சர்க்கரை ஆலைகள் சில ஆண்டுகளிலேயே நூறைத் தாண்டின. காப்பிப் பழக்கமும் அந்தக் காலத்தில்தான் வீடு வீடாகப் பரவிக்கொண்டிருந்தது. கும்பகோணம் டிகிரி காப்பியின் பெருமையைச் சொல்லவே வேண்டாம். கோல்கேட் நிறுவனம் இந்தியாவில் தொடங்கப்பட்டது 1937இல். ஆக, சர்க்கரை மூட்டையும் பல்பொடி டப்பாவும் பேஸ்ட் டியூபும் கொஞ்சம் முன்பின்னாக ஒரே மளிகைக் கடைக்குத்தான் வந்து சேர்ந்தன. பழி மட்டும் பேஸ்ட் மேல் விழுந்தது.

இது வெறும் ஊகமில்லை. இரண்டாம் உலகப் போரில் சர்க்கரை கிடைக்காத நார்வேயிலும் ஜப்பானிலும் குழந்தைகளின் பல் சொத்தை குறைந்தது. 1940களின் பிற்பகுதியில் சுவீடனின் விபெஹோல்ம் மருத்துவமனையில் மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு ஒட்டும் மிட்டாய்களை வேண்டுமென்றே கொடுத்துச் சோதித்தார்கள். பாவம், அவர்கள் பற்கள் பாழாயின. மன்னிக்க முடியாத செயல்தான். ஆனால் அதில் தெரிந்த உண்மை பெரியது: எவ்வளவு இனிப்பு தின்கிறோம் என்பதைவிட, எத்தனை தடவை தின்கிறோம், அது பல்லில் எவ்வளவு நேரம் ஒட்டியிருக்கிறது என்பதுதான் முக்கியம். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பதைவிட, இரண்டு மணிக்கொரு தடவை சர்க்கரை போட்ட டீ குடிப்பது மோசம்!

பேஸ்டின் பலம் அதிலுள்ள புளூரைடு. அது அளவோடு இருக்க வேண்டும். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில் குடிநீரில் புளூரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் அதே புளூரைடைச் சிறிதளவு குடிநீரில் கலந்தது. குழந்தைகளின் சொத்தைப் பல் பெருமளவு குறைந்தது.

காலையிலும் இரவு படுக்கும் முன்பும் புளூரைடு பேஸ்டால் மென்மையான பிரஷ் கொண்டு துலக்க வேண்டும். துப்பியபின் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் இருந்தால் புளூரைடு பல்லில் தங்கும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு அரிசி அளவு பேஸ்ட் போதும், அதற்கு மேல் ஆறு வயது வரை பட்டாணி அளவு. பல்லில் வெள்ளைப் புள்ளி தெரியும் கட்டத்தில் சொத்தையைத் தடுத்து நிறுத்த வழியுண்டு. குழி விழுந்துவிட்டால் அடைக்கத்தான் வேண்டும். வலிக்கும் வரை கிராம்பு வைத்துக்கொண்டு காத்திருந்தால், பிறகு வேர் சிகிச்சையோ பிடுங்குவதோதான்.