சொல்ஃபெரினோ: வென்றவர்களும் மருந்திட்டவர்களும்

வீரமாமுனிவர் 1680ஆம் ஆண்டில் பிறந்த ஊர் காஸ்திலியோனே என்பதைத் தமிழ் பயின்றோர் அறிவர். வட இத்தாலியில், கார்தா ஏரிக்குத் தெற்கேயுள்ள அவ்வூரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், திராட்சைத் தோட்டங்கள் சூழ்ந்த குன்றுகளிடையே அமைந்துள்ளது சொல்ஃபெரினோ என்னும் சிற்றூர். உலக வரலாறு இவ்வூரை ஒரே ஒரு நாளுக்காக நினைவில் வைத்திருக்கிறது.

1859 ஜூன் 24 அன்று, மூன்றாம் நெப்போலியனின் பிரெஞ்சுப் படையும், இரண்டாம் விக்தோர் இம்மானுவேலின் சார்தீனியப் படையும் ஒன்றுசேர்ந்து, ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசப்பின் படையை இங்கே எதிர்கொண்டன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் ஒரு பகல் முழுதும் பொருதனர். ஆஸ்திரியா தோற்றது. லொம்பார்தி அதன் ஆட்சியிலிருந்து நழுவியது. இத்தாலிய ஒருங்கிணைப்புக்கு வழி திறந்தது.

ஆனால் களத்தில் காயமுற்றுக் கிடந்த ஆயிரக்கணக்கானோரைப் பேணப் போதிய மருத்துவர் இல்லை. அவர்கள் காஸ்திலியோனேக்குக் கொண்டுவரப்பட்டனர். தேவாலயங்களும் வீடுகளும் நிரம்பி வழிந்தன. தமது தொழில் குறித்து நெப்போலியனைக் காண வந்திருந்த ஜெனீவாக்காரர் ஆன்றி துய்னான் அங்கே கண்டது, உள்ளூர்ப் பெண்கள் தம் நாட்டான், பகைவன் என்று பாராமல் அனைவருக்கும் நீரூட்டிக் கட்டுப் போட்டதைத்தான். தாமும் அப்பணியில் இறங்கினார். 1862இல் அதை நூலாக எழுதினார். 1863இல் செஞ்சிலுவை அமைப்பும், 1864இல் முதல் ஜெனீவா உடன்படிக்கையும் பிறந்தன. 1901இல் முதல் அமைதி நோபல் பரிசு அவருக்கும் பிரெடெரிக் பாசிக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இன்று அப்பக்கம் செல்வோர் காணத்தக்கவை பல. 'இத்தாலியின் ஒற்றன்' என்றழைக்கப்படும் பழைய காவற்கோபுரம் சொல்ஃபெரினோவின் குன்றின்மேல் நிற்கிறது. கீழே, 1870இல் எலும்பறையாக்கப்பட்ட தேவாலயத்தில் ஏறத்தாழ ஏழாயிரம் வீரர்களின் எலும்புகள் உள்ளன. வென்றவர் யார், தோற்றவர் யார் என்று அவற்றைப் பிரித்தறிய இயலாது. அருகிலுள்ள சான் மார்த்தீனோவிலோ, 1893இல் திறக்கப்பட்ட உயர்ந்த கோபுரம் விக்தோர் இம்மானுவேலின் புகழைப் பேசுகிறது.

மன்னர்களின் பெயர்களை நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். கட்டுப் போட்ட பெண்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? அந்நாளின் போர் வரைந்த எல்லைகள் பின்னர் மாறின. அப்பெண்கள் கைக்கொண்ட நெறியோ சட்டமாகி உலகெங்கும் பரவியது. ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் செஞ்சிலுவைத் தொண்டர்கள் தீப்பந்தம் ஏந்திச் சொல்ஃபெரினோவிலிருந்து காஸ்திலியோனே வரை நடக்கிறார்கள். கோபுரத்தை நோக்கியன்று, காயமுற்றோரைச் சுமந்து சென்ற திசையில்.