வெப்ப நிலத்தில் உறைபனி: மறதி தந்த அழிவுகள்

குளிர் எத்தகையது என்பதைப் புலம்பெயர்ந்த நாம் நன்கு அறிவோம். எனினும் உறைபனியால் நேர்ந்த பெரும் அழிவுகள் சில, ஆண்டின் பெரும்பகுதி வெயில் காயும் நிலங்களிலேயே நிகழ்ந்துள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் தென்கரை மாநிலங்களான புளோரிடா, லூசியானா, ரெக்சாஸ் ஆகியவற்றின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். எம்மவர் சிலரும் இன்று அம்மாநிலங்களில் வாழ்வதால் அவ்வரலாறு எமக்கும் உரியதே.

1894 ஆம் ஆண்டு டிசெம்பர் 29 ஆம் திகதி புளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் வெப்பநிலை சைபருக்குக் கீழ் ஏறத்தாழ 8 பாகை செல்சியசாக வீழ்ந்தது. மரங்களில் தொங்கிய தோடம்பழங்கள் உறைந்து உதிர்ந்தன. ஆயினும் மரங்கள் சாகவில்லை. ஜனவரி மாதம் இளவெயிலோடு வந்தது. சாறு ஊறித் துளிர்கள் அரும்பின. தோட்டக்காரரும் ஆறுதல் கொண்டனர். பெப்ரவரி 8 ஆம் திகதி இரண்டாவது உறைபனி இறங்கி, வெப்பநிலை சைபருக்குக் கீழ் 8 பாகைவரை சென்றது. சாறேறிய மரங்களின் பட்டைகள் வெடித்தன. ஆண்டுக்கு 50 இலட்சம் பெட்டிகளுக்கு மேற்பட்டிருந்த விளைச்சல், அடுத்த பருவத்தில் 2 இலட்சத்திற்கும் குறைந்தது. வங்கிகள் முறிந்தன, பல குடும்பங்கள் வீடுகளைக் கைவிட்டுச் சென்றன. இக்குளிர் பெரிதும் தீண்டாத தென்கோடியை நோக்கி ஹென்றி பிளாக்லர் புகையிரதப் பாதையை நீட்டினார். 1896 ஏப்ரலில் புகையிரதம் அங்கு சென்றடைந்தது. யூலையில் மயாமி என்னும் நகரம் பிறந்தது.

நான்கே ஆண்டுகளின் பின், 1899 பெப்ரவரி 13 ஆம் திகதி புளோரிடாவின் தலைநகரான தலஹாசியில் வெப்பநிலை சைபருக்குக் கீழ் 19 பாகை வரை வீழ்ந்தது. அம்மாநிலத்தில் அதனினும் கடுங்குளிர் இன்றுவரை பதிவாகவில்லை. மிசிசிப்பி ஆற்றில் பனிக்கட்டிகள் நியூ ஓர்லியன்ஸ் நகரைக் கடந்து மெக்சிக்கோ வளைகுடாவரை மிதந்து சென்றன.

இத்தனை கண்டும் அம்மக்கள் ஏன் ஆயத்தமாகவில்லை என்ற வினா எழுகின்றது. கடும் உறைபனி அங்கு ஆண்டுதோறும் வருவதில்லை. பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அதற்குள் ஒரு தலைமுறை மறந்துவிடுகின்றது. புதியவர்கள் வந்து குடியேறிவிடுகின்றனர். கனடாவிலும் நோர்வேயிலும் நீர்க்குழாய்கள் உறைபனி எட்டாத ஆழத்தில் புதைக்கப்பட்டு, சூடேற்றப்பட்ட சுவர்களுக்கு உள்ளே செல்கின்றன. தென்கரை வீடுகள் பலவற்றிலோ அவை கூரையின் கீழும், வெளிச்சுவரிலும், நிலத்தினின்று உயர்த்திய தளத்தின் அடியிலும் காப்பின்றிக் கிடக்கின்றன.

நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 வீதம் பெருகுகின்றது. ஆனால் பெரும்பாலும் பனிக்கட்டி நின்ற இடத்தில் குழாய் வெடிப்பதில்லை. கட்டி வளர்ந்து முன்னே தள்ள, அதற்கும் மூடிய திறப்புக்கும் நடுவே அகப்பட்ட நீரின் அழுத்தமே குழாயைப் பிளக்கின்றது. கடுங்குளிர் இரவில் திறப்பைச் சற்றே திறந்து நீரைச் சொட்டவிடும் பழக்கத்தின் நியாயம் இதுவே. அமெரிக்காவின் இலினோய்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 1990களில் நடத்திய சோதனைகளில், காப்பற்ற குழாய்களுக்கு ஆபத்து தொடங்கும் எல்லை சைபருக்குக் கீழ் ஏறத்தாழ 7 பாகை என அறியப்பட்டது.

படகுகளின் கதையும் இதுவே. வடக்கே படகுரிமையாளர் இலையுதிர் காலத்திலேயே இயந்திரத்தின் நீரை வடித்துவிடுவர். தெற்கே அவ்வழக்கம் அரிது. குளிர்விக்கும் நீர் இயந்திரத்துள் தங்கி உறைந்தால், வார்ப்பிரும்பும் வெடித்துப் போகும். கரையில் இழுத்து வைத்த படகே பாதுகாப்பானது எனப் பலர் எண்ணுவர், உண்மை வேறானது. நீரில் மிதக்கும் படகுக்கு அந்நீரின் வெப்பம் ஓரளவு துணை நிற்கும்; இழுவண்டியில் நிற்கும் படகை நாற்புறமும் குளிர்க்காற்று சூழும். வெளியிணைப்பு இயந்திரத்தை நேராக நிறுத்தி வைத்தால் நீர் தானே வடிந்துவிடும். படகின் உள்ளே பொருத்திய இயந்திரமாயின் நீரை வடித்து, நச்சுக் குறைந்த புரொப்பிலீன் கிளைக்கோல் கலந்த உறைதடுப்பு நீர்மத்தை நிரப்புதல் வேண்டும்.

1975 இன் பின் வியட்நாமிய அகதிகள் பலர் ரெக்சாஸ் கரையில் குடியேறி, இறால் பிடிக்கும் படகுகளோடு வாழ்வைத் தொடங்கினர். அவர்கள் வந்து பத்தாண்டு நிறையுமுன், 1983 டிசெம்பரில் வந்த உறைபனியால் அக்கரையின் குடாக்களில் சுமார் 1 கோடி 40 இலட்சம் மீன்கள் மடிந்தன. வெப்பக் கடலிலிருந்து வெப்பக் கடலுக்கு வந்தவர்க்கு, அக்கடலும் இவ்வாறு மாறும் என்று யார் சொல்லியிருப்பர்?

1989 டிசெம்பரில் ரெக்சாசின் மின்நிலையங்கள் உறைந்து மின்சாரம் தடைப்பட்டது. அவற்றைக் குளிருக்கு ஏற்பக் காப்பிடுமாறு ஆலோசனை கூறப்பட்டது. 2011 பெப்ரவரியில் அதே துன்பம் மீண்டது. முன்னைய ஆலோசனைகள் பெரும்பாலும் நிறைவேறவில்லை என்று விசாரணை அறிக்கை சுட்டியது. 2021 பெப்ரவரியில் மூன்றாம் முறையாக அது வந்தது. 45 இலட்சம் வீடுகளும் நிலையங்களும் இருளில் மூழ்கின. எண்ணற்ற வீடுகளில் குழாய்கள் வெடித்தன. கோடிக்கும் அதிகமானோர் நல்ல நீரின்றித் தவித்தனர். அரசின் கணக்கில் மாத்திரம் 246 பேர் உயிரிழந்தனர். குளிர் தாங்காது வீட்டினுள் கரியடுப்பு மூட்டியும், கராஜில் காரை இயக்கியும் கரியோரொட்சைட்டு வாயுவால் நஞ்சூட்டப்பட்டு மருத்துவ உதவி நாடியோர் 1400 பேருக்கு மேல். அதன் பின்னரே, 2021 யூனில், மின்நிலையங்களைக் காப்பிடுதல் சட்டமாக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து எம் குடும்பங்கள் கொள்ள வேண்டியவை சிலவே. வீட்டின் பிரதான நீர்த்தடுப்பு எங்குள்ளது என்பதைப் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும். வெளிக்குழாய்களுக்கு வெயில் நாளிலேயே காப்புறை சுற்ற வேண்டும். உறைந்த குழாயைத் தீச்சுவாலையால் இளக்குதல் ஆகாது. மின்சூடாக்கியை மட்டும் நம்பியிருத்தலும் ஆகாது. பெருங்குளிர் வரும் இரவிலேயே மின்சாரமும் போய்விடக் கூடும். கரியடுப்பை எந்நிலையிலும் வீட்டினுள் மூட்டலாகாது.

அகதியாய் வந்தவன் ஓர் ஊரில் வீடு வாங்கலாம், படகும் வாங்கலாம். அவ்வூரின் நினைவை விலை கொடுத்து வாங்க முடியாது. அதனை அங்கு நெடுநாள் வாழ்ந்த முதியோரிடம் கேட்டே அறிதல் வேண்டும். எந்த நாட்டில் குடியேறினும், இங்கு முன்பு நேர்ந்தது என்ன என்று அயலாரிடம் வினவுவதை எமது முதற் கடமைகளுள் ஒன்றாகக் கொள்வோமாக.