கடல் மைல் பிறந்த கதை

செட்டிநாட்டுக் கண்டரமாணிக்கத்திலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்? கேட்டால் மணிக்கணக்கில்தான் பதில் வரும். திருச்சி விமான நிலையத்துக்குக் காரில் சுமார் இரண்டு மணி, அப்புறம் விமானத்தில் நாலு மணி. கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்யக் கடல் கடந்து போன ஐயாக்கள் காலத்தில் இது நாள்கணக்கு. நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறினால் பினாங்கைத் தொட்டுச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும்.

வாகனம் மாறிவிட்டது, அளவுகோல் மாறவில்லை. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் நேர்வழித் தூரம் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர். விமானியின் கணக்கில் அது சுமார் 1,610 கடல் மைல். ரஜூலாவின் கேப்டன் எண்ணியதும் கடல் மைல்தான்.

நடுக்கடலில் மைல்கல் கிடையாது. மாலுமிக்குத் துணை வானம் மட்டுமே. வடமீன் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயர்ந்திருக்கிறதோ, ஏறக்குறைய அத்தனை பாகை வடக்கே நாம் இருக்கிறோம். ஒரு பாகைக்கு அறுபது கலை. பூமியின் மேல் வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் அதுவே ஒரு மைல் என்று வைத்துக்கொண்டால், வானத்தில் அளந்ததை அப்படியே கடலில் எண்ணலாம். 17ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் இந்த வழியைக் காட்டினார். கப்பலின் வேகத்தை அளக்க மாலுமிகளுக்கு முடிச்சுப் போட்ட கயிறு. பலகை கட்டிய நுனியைக் கடலில் விட்டு, மணற்கடிகாரம் வடிவதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போகிறது என்று எண்ணினார்கள். விமானத்தின் வேகத்தையும் இன்றுவரை 'நாட்' என்ற அந்த முடிச்சில்தான் சொல்கிறார்கள்.

ஆனால் ஒரு கலைக்கு எத்தனை அடி? பூமியையே அளந்தால்தான் தெரியும். அந்தப் பெரும்பணியில் தமிழ் மண்ணுக்கும் பங்குண்டு என்பதை அழுத்திச் சொல்லத் தோன்றுகிறது. 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சங்கிலி போட்டு, ஏழரை மைல் நீள அடிக்கோடு ஒன்றை அளந்தார். அங்கிருந்து முக்கோணம் முக்கோணமாக நாட்டை அளந்துகொண்டு போனார்கள். மலை இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்கள் கைகொடுத்தன. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் ஏற்றும்போது கயிறு அறுந்து அளவுக்கருவி மோதிச் சிதைந்தது. லாம்டன் தம் கையாலேயே அதைச் செப்பனிட்டார். அன்று சங்கிலி இழுத்த பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் இன்று மீனம்பாக்கம் ஓடுபாதை.

நிலநடுக்கோட்டிலிருந்து துருவம் வரை 10,000 கிலோமீட்டர் என்று கொண்டே மீட்டர் பிறந்தது. அந்தத் தூரத்துக்குத் தொண்ணூறு பாகை, அதாவது 5,400 கலை. வகுத்தால் 1,852 மீட்டர். 1929இல் மொனாக்கோவில் கூடிய பன்னாட்டு மாநாடு அதையே கடல் மைலாக உறுதி செய்தது.

விமானம் மணிக்கு 450 கடல் மைல் வேகத்தில் அந்த 1,610 கடல் மைலைக் கடக்க மூன்றரை மணிக்குச் சற்று மேல். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்ந்தால் நாலு மணி. ஆடி மாதத்தில் மேல்வானக் காற்று கிழக்கிலிருந்து எதிர்த்து வீசும், போகும்போது நேரம் கூடும், திரும்பும்போது குறையும். அந்த வெப்பமண்டலக் கீழைக்காற்றோட்டத்தை 1958இல் விளக்கி எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம்.

டிக்கெட்டைப் பார்க்கும் ஆச்சிகளுக்கு ஒரு விளக்கம். புறப்படும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் ஆறரை மணி வித்தியாசம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி முந்தி ஓடுகிறது. 1982 பிறக்கும்வரை அது இரண்டு மணிதான். மலேசியாவோடு சேர்ந்து அன்று கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்கள்.