அரியலூர் ஏன் டாலர் குறியாயிற்று?

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையே ஒரு கம்பி இழுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பெரம்பலூரில் இருக்கிறீர்கள். உங்கள் நண்பர் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தள்ளி அரியலூரில் இருக்கிறார். உங்கள் பக்கம் ஒரு சுவிட்சு, அவர் பக்கம் ஒரு விளக்கு. விளக்கு எரிந்தால் 1, அணைந்தால் 0. இப்போது நீங்கள் விளக்கை ஆறு விநாடி எரிய விடுகிறீர்கள். நண்பர் தாளில் என்ன குறித்துக்கொள்வார்? ஒரு 1 என்றா, மூன்று என்றா, ஆறு என்றா? ஒரு குறிக்கு எத்தனை விநாடி என்று முன்பே பேசி வைத்திருந்தால்தான் அவருக்குத் தெரியும். கம்பி வழியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே என்றால், அந்தக் கேள்வியே புரியாதே!

கணிப்பொறியோடு கம்பியால் இணைந்து, திரையில் எழுத்தை மட்டும் காட்டும் பழைய டெர்மினல்களில் 'செட்டப்' என்றொரு பக்கம் உண்டு. அதில் வேகம் 9600, பிட் 8, பாரிட்டி இல்லை, ஸ்டாப் பிட் 1 என்பதுபோல நான்கு விவரங்கள் இருக்கும். இரு முனையிலும் இவை ஒன்றாக இருக்க வேண்டும். முனையத்தைப் பொருத்த வந்தவர் ஏதோ மந்திரம் போல இவற்றைச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் ஒன்று நம் தமிழின் தலையெழுத்தையே தொட்டது.

பிரான்சு நாட்டின் தந்தித் துறையில் வேலை பார்த்த எமில் போதோ 1874ஆம் ஆண்டில் ஒரு தந்தி முறைக்குக் காப்புரிமை பெற்றார். மோர்சின் முறையில் ஓர் எழுத்து குட்டையாகவும் இன்னோர் எழுத்து நீளமாகவும் இருக்கும். போதோ எல்லா எழுத்துக்கும் ஐந்தே குறிகள் என்று வகுத்தார். ஐந்து குறிகளை 32 விதமாகத்தான் அடுக்க முடியும். ரோமன் எழுத்துகள் 26, எண்கள் 10, நிறுத்தக் குறிகள் வேறு. எல்லாம் எப்படி அடங்கும்? 'இனி வருவன எழுத்து', 'இனி வருவன எண்' என்று அறிவிக்கும் இரண்டு மாற்றுக் குறிகளை வைத்துச் சமாளித்தார்கள். இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு நம் நாட்டில் மறுபடி வரும். குறிகளின் வேகத்தை அளக்கும் 'பாட்' என்ற அலகு போதோவின் பெயரிலிருந்து வந்ததுதான்.

அடுத்து டெலிபிரிண்டர் வந்தது. சென்னையில் 1960ஆம் ஆண்டில் இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்ற அரசு நிறுவனமே இதைச் செய்வதற்காகத் தொடங்கப்பட்டது. இரு ஊர்களில் சுழலும் இரண்டு மோட்டார்கள் அப்பட்டமாக ஒரே வேகத்தில் ஓடுமா? ஓடா. ஆகவே, சும்மா இருக்கும்போது கம்பியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கட்டும். அது நின்றால் ஓர் எழுத்து புறப்பட்டுவிட்டது என்று பொருள் என வகுத்தார்கள். இதுவே ஸ்டார்ட் பிட். எழுத்து முடிந்ததும் பொறியின் கை ஓய்ந்து நிற்க விட்ட இடைவெளிதான் ஸ்டாப் பிட். ஒவ்வோர் எழுத்துக்கும் கடிகாரத்தைப் புதிதாகச் சரிசெய்துகொள்வது போன்ற ஏற்பாடு இது. மோட்டார்கள் நூற்றுக்கு நான்கு பங்கு முன்பின்னாக ஓடினாலும் பிழை நேராது.

1963ஆம் ஆண்டில் ஆஸ்கி என்ற ஏழு பிட் குறியீட்டு முறை அமெரிக்காவில் வந்தது. அதைப் பயன்படுத்திய டெலிடைப் 33 பொறி விநாடிக்குப் பத்து எழுத்து அடிக்கும். ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட் 1, எழுத்து 7, பாரிட்டி 1, ஸ்டாப் 2 ஆக 11 பிட். பத்தால் பெருக்குங்கள், 110 பாட்! பழைய செட்டப் பக்கங்களில் இந்த விசித்திர எண் இருந்ததன் காரணம் இதுதான்.

பாரிட்டி என்பது எளிய காவல்காரன். எழுத்தில் உள்ள 1களை எண்ணி, மொத்தம் இரட்டைப்படையாகும்படி எட்டாவது பிட்டில் 0 அல்லது 1 வைப்பது. வழியில் ஒரு பிட் மாறினால் கண்டுபிடித்துவிடும். இரண்டு மாறினால் ஏமாந்துவிடும்.

1978ஆம் ஆண்டில் வந்த வி.டி.100 டெர்மினலில், முன்பு சிறு சுவிட்சுகளைத் தள்ளிச் செய்த வேலையை விசைப்பலகையிலேயே செய்ய முடிந்தது. ஒரு திரைக்கு 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1920. எழுத்துக்குப் பத்து பிட் என்றால் 300 பாட் வேகத்தில் திரை நிரம்ப 64 விநாடி, 9600இல் இரண்டே விநாடி. மக்கள் 9600ஐ ஏன் விரும்பினார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

சரி, தமிழுக்கு வருவோம். ஆங்கிலத்துக்கு ஏழு பிட் போதும் என்பதால், எட்டாவது பிட்டைப் பாரிட்டிக்குக் கொடுத்துவிடுவது அமெரிக்க வழக்கம். 1980களில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் இந்திய எழுத்துகளுக்கான முனையத்துக்கு முயற்சி நடந்தது. பின்னர் புனேயின் சி-டாக் நிறுவனம் அதை ஜிஸ்ட் என்ற பெயரில் வளர்த்தது. 1991ஆம் ஆண்டில் இஸ்கி என்ற குறியீட்டை இந்தியத் தர நிர்ணய நிறுவனம் வெளியிட்டது. அதில் கீழ்ப்பாதி ஆங்கிலத்துக்கு, 128க்கு மேற்பட்ட மேல்பாதி இந்திய எழுத்துகளுக்கு. 'அ' 164, 'க' 179. அதாவது, தமிழ் எழுத்து எதுவானாலும் அதன் எட்டாவது பிட் 1.

1995 வரை பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று; அதிலிருந்து அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் சேர்ந்து, 2007இல் மீண்டும் பிரிந்தது. 'அரியலூர்' என்ற பெயரை இஸ்கியில் அடித்து, ஏழு பிட் என்று அமைத்த கம்பியில் அனுப்புகிறீர்கள் என்று கொள்வோம். எட்டாவது பிட் உதிர்ந்துவிடும். ஒவ்வோர் எண்ணிலும் 128 குறையும். 'அ' 36 ஆகும்; ஆஸ்கியில் அது டாலர் குறி! மறுமுனையில் தெரிவது இதுதான்: டாலர் குறி, பெரிய ஓ, சதுர அடைப்புக்குறி, எம், கியூ, கூரைக் குறி, மறுபடி ஓ, கடைசியில் சின்ன எச். இரண்டு ஓவும் 'ர'தான். சின்ன எச் புள்ளி. பொறியில் கோளாறு எதுவும் இல்லை. செட்டப் பக்கத்தில் 8க்குப் பதில் 7 என்று இருந்தது, அவ்வளவே.

தரத்தை வகுத்தவர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். ஏழு பிட் கம்பிக்கென்று ஒரு வழியும் வைத்தார்கள்: இந்திய எழுத்துக்கு மாற ஒரு கட்டுப்பாட்டுக் குறி, ஆங்கிலத்துக்குத் திரும்ப இன்னொன்று. போதோவின் அதே தந்திரம்! அதன் பலவீனமும் அப்படியே கூட வந்தது. மாற்றுக் குறி ஒன்று வழியில் தொலைந்தால் அடுத்த மாற்றுக் குறி வரும்வரை எல்லாம் குழப்பம்தான். 1999ஆம் ஆண்டில் தமிழக அரசு ஏற்ற டாப் குறியீட்டிலும், இணையத் தமிழர் உருவாக்கிய திஸ்கியிலும் தமிழ் மேல்பாதியில்தான் குடியிருந்தது.

இன்றைய யூனிகோடில் இந்த வம்பு இல்லை என்று நினைப்பீர்கள். யூ.டி.எஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று எட்டு-பிட் தொகுதிகள். மூன்றிலும் எட்டாவது பிட் 1. வலைப்பின்னல் கருவிகளைப் பழுது பார்ப்பவர்கள் இன்றும் கம்பியைச் செருகி 9600, 8, இல்லை, 1 என்றே பெரும்பாலும் அமைக்கிறார்கள். உங்கள் பள்ளிச் சோதனைக்கூடத்தில் தொடர் இணைப்புள்ள சிறு மின்னணுப் பலகை இருந்தால், இரு முனையிலும் பிட்டை 7 ஆக்கி 'அ' அனுப்பிப் பாருங்கள். சாய்ந்த ஒற்றை மேற்கோள் ஒன்று, முற்றுப்புள்ளி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறி ஒன்று வந்து சேரும்.