இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தல் முன்கணிப்பு

இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் யார் வெல்வார், முதல் விருப்ப வாக்குகளிலேயே வெல்வாரா, எண்ணிக்கையின் எந்தக் கட்டத்தில் முடிவு உறுதியாகும் என்பவற்றை வாக்கு எண்ணும் நாளுக்கு முன்பே கணக்கிட்டுச் சொல்லும் வழக்கம், இத்தேர்தலின் அமைப்பு காரணமாக மற்ற நாடுகளின் தேர்தல் கணிப்பிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. அமெரிக்காவிலும் இலங்கையிலும் கோடிக்கணக்கான மக்கள் வாக்குச்சாவடிக்குச் செல்வதால், அங்கே கணிப்பாளர்கள் மாதிரிக் கருத்துக்கணிப்பையும், இரவில் முதலில் வெளிவரும் முடிவுகள் காட்டும் போக்கையும் நம்பியிருக்கின்றனர். 1952ஆம் ஆண்டு அமெரிக்கத் தேர்தல் இரவில் யூனிவாக் கணினி, மிகச் சிறிய அளவு வாக்குகளைக் கொண்டே ஐசனோவரின் பெருவெற்றியைக் கணித்தது இம்முறையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். இந்தியாவிலோ வாக்காளர்கள் ஐந்தாயிரத்துக்கும் குறைவானவர்கள். அவர்களின் பெயரும் கட்சியும் ஊரறிந்தவை. 1931இல் பி. சி. மகலனோபிஸ் கல்கத்தாவில் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் மாதிரிக் கணக்கெடுப்புக் கலையை உலகறிய வளர்த்திருந்தும், அதே நகரத்தின் சட்டமன்ற உறுப்பினர்கள் வாக்களிக்கும் இத்தேர்தலில் அக்கலைக்கு வேலையில்லை. இங்கே தேவைப்படுபவை கூட்டல் கணக்கும், கட்சி விசுவாசத்தைப் பற்றிய மதிப்பீடும் மட்டுமே.

அரசியலமைப்பின் 54, 55ஆம் பிரிவுகளின்படி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மாநிலச் சட்டமன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்த வாக்காளர் குழு குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறது. மாநிலத்தின் மக்கள்தொகையைச் சட்டமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து, வருவதை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் ஓர் உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு கிடைக்கும். தென் கல்கத்தாவின் டாக்குரியா பகுதி அதே பெயரில் தனிச் சட்டமன்றத் தொகுதியாக இருந்த காலத்தில், 1969ஆம் ஆண்டுத் தேர்தலில் அதன் உறுப்பினர் அளித்த ஒரு வாக்கின் மதிப்பு 125. அன்று மேற்கு வங்கச் சட்டமன்றத்தில் 280 இடங்கள் இருந்தன, மக்கள்தொகைக்கு 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு அடிப்படையாக இருந்தது. பின்னர் இடங்கள் 294 ஆனபோது, 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையின்படி அம்மதிப்பு 151 ஆயிற்று. தமிழ்நாட்டு உறுப்பினரின் வாக்குக்கு இதே கணக்கில் 176 மதிப்பு உண்டு. எல்லா மாநிலங்களின் மொத்த மதிப்பையும் தேர்ந்தெடுக்கப்பட்ட நாடாளுமன்ற உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து நாடாளுமன்ற உறுப்பினருடைய வாக்கின் மதிப்பு பெறப்படுகிறது.

வாக்காளர் தம் சீட்டில் வேட்பாளர்களை 1, 2, 3 என விருப்ப வரிசைப்படி குறிக்கலாம். செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பில் பாதிக்கு மேல் ஒன்று கூடுதலாகப் பெறுவது வெற்றி வரம்பு. அதை எவரும் முதற்கட்டத்தில் எட்டாவிட்டால், கடைசியில் நிற்பவர் நீக்கப்பட்டு அவருடைய சீட்டுகள் அடுத்த விருப்பத்துக்கு உரியவருக்கு மாற்றப்படுகின்றன. இந்த இரண்டாம் விருப்பம் இதுவரை ஒரே ஒரு முறைதான் முடிவைத் தீர்மானித்தது.

1952, 1957 ஆண்டுகளில் இராஜேந்திர பிரசாத்தும் 1962இல் இராதாகிருஷ்ணனும் வென்ற தேர்தல்களில் கணிக்க எதுவும் இருக்கவில்லை. 1967இல் காங்கிரஸ் பல மாநிலங்களை இழந்த சில மாதங்களுக்குள் ஜாகிர் உசேனை எதிர்த்து முன்னாள் தலைமை நீதிபதி கோ. சுப்பா ராவ் நின்றபோதுதான் மாநிலவாரியான கணக்குக்கு முதன்முறையாகப் பொருள் வந்தது. ஆயினும் ஜாகிர் உசேன் 4,71,244 – 3,63,971 என்ற மதிப்பில் தெளிவாக வென்றார்.

1969 மே 3 அன்று ஜாகிர் உசேன் காலமானதும் நிலைமை முற்றிலும் மாறியது. காங்கிரசின் அதிகாரபூர்வ வேட்பாளராக நீலம் சஞ்சீவ ரெட்டி நிறுத்தப்பட, வி. வி. கிரி சுயேச்சையாக நின்றார். சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை ஆதரித்தன. பிரதமர் இந்திரா காந்தி தம் கட்சி வேட்பாளருக்காகக் கொறடா உத்தரவு பிறப்பிக்க மறுத்து, மனசாட்சிப்படி வாக்களிக்கும் உரிமையை வற்புறுத்தினார். மேற்கு வங்கத்தில் கணக்கு எளிது: அவ்வாண்டு பிப்ரவரியில் ஐக்கிய முன்னணி 280இல் 214 இடங்களை வென்றிருந்தது, டாக்குரியாவின் உறுப்பினர் சோம்நாத் லாஹிரி சார்ந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும், மார்க்சிஸ்ட் கட்சியும், தமிழ்நாட்டில் திராவிட முன்னேற்றக் கழகமும் கிரி பக்கம் நின்றன. கணிக்க முடியாதிருந்தது காங்கிரஸ் உறுப்பினர்களின் மனம். காங்கிரஸ் தலைவர் நிஜலிங்கப்பா எதிர்க்கட்சிகளிடம் இரண்டாம் விருப்பத்தைக் கேட்டதே, ரெட்டியின் தரப்புக்குத் தன் முதல் விருப்பங்களில் முழு நம்பிக்கை இல்லை என்பதற்குச் சான்று.

ஆகஸ்ட் 16இல் வாக்குப்பதிவும் 20இல் எண்ணிக்கையும் நடந்தன. முதல் விருப்பத்தில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769 கிடைத்தன. வெற்றி வரம்பு 4,18,169. கிரிக்கு இன்னும் 16,654 தேவைப்பட்டது. மற்றவர்கள் நீக்கப்பட்டு அவர்களின் சீட்டுகள் மாற்றப்பட்டபோது, ரெட்டி எதிர்பார்த்தபடியே பெரும்பங்கைப் பெற்று 91,879 கூடுதலாக அடைந்தார். கிரிக்குச் சேர்ந்தது 18,562தான். ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது: 4,20,077 – 4,05,427. வரம்பைக் கிரி தாண்டிய அளவு 1,908. ஒரு நாடாளுமன்ற உறுப்பினரின் வாக்கு 576 மதிப்புடைய அந்நாளில் இது நான்கு உறுப்பினர்களின் வாக்குக்கும் குறைவு. அடுத்த விருப்பம் குறிக்கப்படாமல் வீணான 10,833 மதிப்பு முழுவதும் ரெட்டிக்கே விழுந்திருந்தாலும் அவர் வரம்பை எட்டியிருக்க மாட்டார். இரண்டாம் விருப்பங்கள் ரெட்டிக்குச் செல்லும் என்று கணித்தவர்கள் திசையைச் சரியாகவே சொன்னார்கள். முதல் விருப்பத்தில் கிரி எவ்வளவு முன்னேறியிருப்பார் என்பதை அளப்பதில்தான் கணிப்பு தவறியது.

இதன்பின் வேட்பாளர்களுக்கு முன்மொழிவோர் எண்ணிக்கையும் வைப்புத்தொகையும் 1974இல் விதிக்கப்பட்டு 1997இல் உயர்த்தப்பட்டதால், வெற்றி வாய்ப்பே இல்லாத பலர் நிற்பது நின்றது. போட்டி இருமுனையாகச் சுருங்க, இரண்டாம் விருப்பம் கணக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்தது.

எஞ்சியிருப்பது கட்சி மாறி வாக்களித்தல். வாக்கு இரகசியமானது, கொறடா உத்தரவுக்கு இடமில்லை என்பதால் இதைத் தடுக்கவோ கண்டுபிடிக்கவோ வழியில்லை. கூட்டணியை மட்டும் நம்பிக் கணிப்பதும் ஆபத்தானது. 2012இல் வங்காளத்தின் பிரணாப் முகர்ஜி நின்றபோது இடதுசாரிகளே பிரிந்தனர்: மார்க்சிஸ்ட் கட்சியும் ஃபார்வர்டு பிளாக்கும் ஆதரித்தன, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியும் புரட்சிகர சோசலிசக் கட்சியும் வாக்களிக்கவில்லை. மம்தா பானர்ஜி வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னர்தான் தம் கட்சியின் ஆதரவை அறிவித்தார். 2022இல் கேரளத்தின் 140 உறுப்பினர்களில் ஒருவர் திரௌபதி முர்முவுக்கு வாக்களித்தார். அம்மாநிலத்தில் அவரை வேட்பாளராக நிறுத்திய கட்சிக்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை என்பதால், எந்தக் கணக்கும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது.

எண்ணிக்கை நாளின் நடையைக் கணிப்பது முடிவைக் கணிப்பதைவிட எளிது. மாநிலத் தலைநகரங்களிலிருந்து விமானத்தில் கொண்டுவரப்படும் பெட்டிகள் நாடாளுமன்றக் கட்டடத்தில் திறக்கப்படுகின்றன. 2022இல் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வாக்குகள் முதலிலும், மாநிலங்களின் வாக்குகள் ஆங்கில அகரவரிசையிலும் எண்ணப்பட்டன. ஜூலை 21 அன்று முர்மு மூன்றாம் சுற்றில், பஞ்சாப் வரையிலான வாக்குகளோடு, 5,77,777 மதிப்பை எட்டிப் பாதியைக் கடந்துவிட்டார். மாநிலங்களின் வரிசையில் கடைசியாக இருந்த மேற்கு வங்கத்தின் சீட்டுகள் அப்போது எண்ணப்பட்டிருக்கவில்லை. இந்த வரிசை தொடரும்வரை, போட்டி 1969ஐப் போல நெருக்கமாக இருந்தாலன்றிக் கல்கத்தாவின் வாக்குகளுக்கு முன்பே முடிவு தெரிந்துவிடும்.

2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறையால் டாக்குரியா தொகுதி 2011 தேர்தலோடு இல்லாமற் போயிற்று. வாக்கு மதிப்புக்கு 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையே இன்றும் அடிப்படை. 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் விவரங்கள் வெளியாகும்வரை மேற்கு வங்க உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 151 ஆகவே நீடிக்கும்.