கேட்காமலே எழுதப்பட்ட தீர்ப்பு: பெற்றோர் கணக்கெடுப்பின் கதை

"காலனிப் பிள்ளைகள் ஏன் படிப்பை நிறுத்துகிறார்கள்?" என்று எந்தப் பள்ளியில் போய்க் கேட்டாலும் ஒரு பதில் தயாராக இருக்கும். "அவங்க அப்பா அம்மாவுக்கே படிப்போட அருமை தெரியாதுங்க." நம்மில் பலர் இதை வகுப்பறையில் உட்கார்ந்து நம் காதாலேயே கேட்டவர்கள். இதைச் சொன்னவர்களில் எத்தனை பேர் அந்த அப்பா அம்மாவிடம் போய்க் கேட்டுவிட்டுச் சொன்னார்கள்?

இன்று பள்ளிகளையும் ஆசிரியர்களையும் அரசுத் திட்டங்களையும் மதிப்பிட, பெற்றோரிடம் கருத்துக் கேட்கும் படிவங்கள் வந்துவிட்டன. அது ஏதோ நிர்வாக வேலை என்று நாம் கடந்து போய்விடுகிறோம். யாரிடம் கேட்பது, யார் கேட்பது, எதைக் கேட்பது என்பதில் நூற்றைம்பது ஆண்டுச் சாதி அரசியல் இருக்கிறது. களத்தில் இறங்கும் இளம் தோழர்கள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1856 ஜூன் மாதம். அன்றைய பம்பாய் மாகாணத்தில் இருந்த தார்வாரில் ஒரு மகார் சிறுவன் அரசுப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். இடம் மறுக்கப்பட்டது. அவன் விடவில்லை, மாகாண அரசுக்கே மனுப் போட்டான். ஒருவனைச் சேர்த்தால் மற்ற பிள்ளைகள் எல்லாரும் வெளியேறிவிடுவார்கள் என்ற கணக்கில் அரசும் கைவிரித்தது. அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் இந்த நிகழ்வைத் தன் எழுத்தில் பதிவு செய்திருக்கிறார். அருமை தெரியாத சமூகத்திலிருந்தா அந்த மனு போனது? கதவைத் தட்டியது நாம். தட்டிய சத்தத்தை மட்டும் யாரும் கணக்கில் எழுதவில்லை.

1882-இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் கல்விக் குழு அமைந்தது. சாட்சிகளுக்கு ஒரு நீண்ட கேள்விப் பட்டியல் கொடுத்தார்கள். தொடக்கக் கல்வியை எல்லா மக்களும் நாடுகிறார்களா, சில வகுப்பார் மட்டும்தானா, நடைமுறையில் யாராவது விலக்கி வைக்கப்பட்டிருக்கிறார்களா, அதற்கு என்ன காரணம் என்றெல்லாம் அதில் இருந்தது. கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் பதில் சொல்ல உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள், பாதிரியார்கள், படித்த மேல்சாதிப் பிரமுகர்கள். பெற்றோரைப் பற்றிக் கேட்டார்கள், பெற்றோரிடம் கேட்கவில்லை.

அந்தச் சபையில் ஜோதிராவ் புலேவின் குரல் தனித்து ஒலித்தது. 1848 முதல் பள்ளிகள் நடத்திய அனுபவத்தோடு அவர் ஹண்டர் குழுவுக்கு மனு எழுதினார். உழைக்கும் மக்கள் கட்டும் வரியில் மேல்சாதியார் படிக்கிறார்கள் என்றார். குறைந்தது 12 வயது வரை தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னார். மகார், மாங் பிள்ளைகளை மற்றவர்களோடு உட்கார விடுவதில்லை என்பதைச் சுட்டி, அவர்கள் அதிகமாக வாழும் இடங்களில் பள்ளிகள் கேட்டார். பிள்ளை வராததற்குக் காரணம் பள்ளிக்குள் இருக்கிறது என்று அரசு ஆவணத்திலேயே ஏற்றி வைத்தார். ஆனாலும் பழி பெற்றோர் தலையிலேயே நின்றது.

நம் மண்ணுக்கு வருவோம். 1953-இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி அரசு ஒரு தொடக்கக் கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தது. கிராமப்புறப் பிள்ளைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். குடும்பத்தையே பள்ளியாக்கும் திட்டம் என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். பறை அடிப்பவரும் மலம் அள்ளுபவரும் செருப்புத் தைப்பவரும் எதிலிருந்து பிள்ளையை மீட்கப் பள்ளிக்கு அனுப்பினார்களோ, அதற்கே பிள்ளையைத் திருப்பி அனுப்பும் திட்டம் அது. 'குலக்கல்வி' என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் தெருவில் இறங்கினார்கள். அரசு அமைத்த பருலேகர் குழு திட்டத்துக்கு ஆதரவாகவே அறிக்கை கொடுத்தது. 1954-இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. நிபுணர்கள் சரி என்றார்கள், தெரு வேண்டாம் என்றது. தெரு சொன்னதுதான் சரியாக இருந்தது.

'அக்கறையில்லாத பெற்றோர்' என்ற கட்டுக்கதைக்கு எண்களால் அடி விழ 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் கடைசியில் பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலப் பிரதேசம் ஆகிய ஐந்து மாநிலங்களில் ஓர் ஆய்வுக் குழு கிராமம் கிராமமாகப் போனது. ஜீன் டிரீஸ், அனுராதா டே உள்ளிட்டோர் அதில் இருந்தார்கள். பள்ளிகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசினார்கள். 1999-இல் நூலாக வந்த அந்த அறிக்கையைச் சுருக்கமாக 'புரோப்' என்பார்கள்.

ஆண் பிள்ளை படிப்பது முக்கியமா என்று கேட்டதற்கு 98 விழுக்காட்டுப் பெற்றோர் ஆம் என்றார்கள். பெண் பிள்ளை படிப்பது முக்கியமா என்றதற்கு 89 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். அதே ஆய்வில் பள்ளிகளின் நிலை என்ன? குழு போன நேரத்தில் ஏறக்குறைய பாதிப் பள்ளிகளில் பாடமே நடக்கவில்லை. மூன்றில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியர் இல்லை. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் தோழர்களே. அக்கறை இல்லாதது யாருக்கு?

அந்த அறிக்கை நம்மையும் ஒரு கேள்வி கேட்கிறது. 98-க்கும் 89-க்கும் இடையில் இருக்கும் ஒன்பது, வீட்டுக்குள் இருக்கும் ஆணாதிக்கம். பள்ளியை நோக்கி விரல் நீட்டும்போது அதை மறைக்கக்கூடாது. நமக்குச் சாதகமான எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பிரச்சாரம் ஆகிவிடும், கணக்கெடுப்பு ஆகாது.

அடுத்த அடி 2003-இல். இந்தியத் தலித் ஆய்வு நிறுவனம் ஐந்து மாநிலங்களில் 531 கிராமங்களில் மதிய உணவையும் நியாய விலைக் கடையையும் பற்றி ஆய்வு செய்தது. தமிழ்நாடும் அதில் ஒன்று. 1956-இலேயே மதிய உணவு தந்த மாநிலம் என்று நாம் பெருமைப்படுவோம். பெருமைப்பட வேண்டியதும்தான். எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள், எத்தனை மூட்டை அரிசி செலவானது என்று அரசுப் பதிவேட்டில் இருக்கும். யார் எந்த வரிசையில் உட்கார்ந்தார்கள், யாருக்குக் கடைசியில் பரிமாறினார்கள், யார் சமைத்தால் யார் சாப்பிட மறுத்தார்கள் என்பதற்குப் பதிவேட்டில் பத்தியே கிடையாது. அந்த ஆய்வு அதைக் கேட்டது. ஆய்வுக்கு உட்பட்ட தமிழ்நாட்டுக் கிராமங்களில் 36 விழுக்காட்டில் மதிய உணவில் சாதிப் பாகுபாடு இருப்பதாகப் பதில் வந்தது. கேட்காதவரை அந்த எண் பூஜ்ஜியமாகவே இருந்தது.

இன்று சட்டமும் நம் பக்கம் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்தில் இடம் தர வேண்டும். பள்ளி நடப்பதைக் கண்காணிப்பதும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அந்தக் குழுவின் வேலை. ஆனால் பல ஊர்களில் நம் பெண்கள் கையெழுத்துக்கு மட்டுமே அழைக்கப்படுகிறார்கள். வேலை நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, "கூப்பிட்டோம், வரல" என்று எழுதிக்கொள்வார்கள். பழைய தீர்ப்பு புதிய நோட்டில்.

நாங்கள் ஒரு காலனியில் பெற்றோரிடம் படிவம் எடுத்துப்போன அனுபவத்தைச் சொல்கிறோம். முதல் நாள் பள்ளி வளாகத்திலேயே உட்கார்ந்து கேட்டோம். ஆசிரியர்கள் வராந்தாவில் நின்றிருந்தார்கள். "நல்லாத்தான் சொல்லித் தர்றாங்க" என்று எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். படிவம் முழுக்கத் திருப்தி. இரண்டு நாள் கழித்து, பொழுது சாய்ந்து அவர்கள் வேலையிலிருந்து திரும்பிய பிறகு தெருவிலேயே பாய் விரித்து உட்கார்ந்தோம். அதே அம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "எம் பொண்ண மட்டும்தான் கக்கூஸ் கழுவச் சொல்றாங்க. சொன்னா நாளைக்கு அவளத்தானே கரிச்சுக் கொட்டுவாங்க?" முதல் நாள் அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளையைக் காப்பாற்றினார்.

அதிலிருந்து நாங்கள் கற்றவை சில. பள்ளியைப் பற்றிப் பள்ளிக்குள் வைத்துக் கேட்காதீர்கள். ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையிலும் கேட்காதீர்கள். "திருப்தியா?" என்ற கேள்வியைத் தூக்கிப் போடுங்கள். வாழ்நாள் முழுக்கக் குறைவாகவே கொடுக்கப்பட்டவர்கள் கொஞ்சம் கிடைத்தாலும் திருப்தி என்பார்கள். நடப்பதைக் கேளுங்கள்: பிள்ளை எங்கே உட்காருகிறது, தண்ணீர்ப் பானையைத் தொடுகிறதா, கழிவறையை யார் கழுவுகிறார்கள், ஆசிரியர் பெயர் சொல்லி அழைக்கிறாரா, கடந்த வாரம் நோட்டைத் திருத்தினாரா.

பதில்களை ஊர் வேறு, காலனி வேறு என்று பிரித்துக் கணக்கிடுங்கள். மொத்தச் சராசரியில் நம் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். பெயர்களை எந்தக் காரணத்துக்காகவும் வெளியே விடாதீர்கள். நல்ல ஆசிரியர்களைப் பற்றிப் பெற்றோர் சொல்வதையும் அப்படியே எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்காக நிற்கும் ஆசிரியர்கள் எல்லா ஊரிலும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கு நம் ஆதரவு தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, முடிவை முதலில் அந்தத் தெருவில் படித்துக் காட்டுங்கள். அதிகாரியின் மேசைக்கு அதன் பிறகு போகட்டும். நம் மக்களிடம் வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறைய; திரும்பி வந்து சொன்னவர்கள் குறைவு.

தார்வார்ச் சிறுவனின் மனுவைப் படித்தவர்கள், பள்ளியில் சேர்த்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்றுதான் யோசித்தார்கள். அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். அந்த வீடுகள் இன்றும் நம் தெருக்களில்தான் இருக்கின்றன. இந்த விடுமுறையில் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எழுதுவதற்கு முன் பாயில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேச்சைக் கேளுங்கள்.