மறைந்துபோன வலை ஏடுகள்



வரலாற்றுச் சான்றுகள் என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் பனையோலையும் நம் நினைவுக்கு வருகின்றன. அவை பழையன, ஆதலால் அழியும் தன்மையுடையன என்றும், கணிப்பொறியில் ஏற்றியவை புதியன, ஆதலால் என்றும் நிலைத்திருப்பன என்றும் நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை இதற்கு மாறாக இருப்பதைச் சற்றே ஆராய்ந்து பார்ப்போம்.

தஞ்சைப் பெரிய கோயிலை முதலாம் இராசராசன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்தான். அக்கோயிற் கல்வெட்டு ஒன்று, கோயிற் பணிக்கெனப் பல ஊர்களிலிருந்து அழைத்துக் குடியேற்றிய தளிச்சேரிப் பெண்டுகள் ஏறத்தாழ நானூற்றுவரின் பெயர்களைத் தருகின்றது. ஒவ்வொருவரும் எந்தத் தெருவில், எந்த வரிசையில், எத்தனையாவது வீட்டில் வாழ்ந்தார் என்பதையும் அது கூறுகின்றது. ஆயிரம் ஆண்டு கடந்த அந்தப் பட்டியலை இன்றும் படிக்கின்றோம். ஆனால் 1998ஆம் ஆண்டில் இணையத்தில் ஏறிய பட்டியல்களுட் பலவற்றை இன்று காண இயலவில்லை. கல் வலியது, அதனால் நின்றது என்று விடை கூறிவிடலாம். ஆயின் கல்லைவிட எளிய பொருள்களும் நின்றிருக்கின்றனவே! அதற்கு நம் சிவகாசியே சான்று.

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். மழை குறைந்த கரிசல் நிலத்தில் புதிய தொழில் ஒன்று வேரூன்றியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசும், அச்சுத் தொழிலும் இவ்வாறே பெருகின. தீப்பெட்டி லேபிளைவிட மலிவான அச்சுத் தாள் உண்டோ? குச்சிகள் தீர்ந்தவுடன் பெட்டியோடு அதுவும் குப்பைக்குப் போகும். எனினும் மயிலும் கிளியும், கப்பலும் புகைவண்டியும் அச்சிட்ட பழைய லேபிள்கள் இன்றும் சேகரிப்போர் ஏடுகளில் வண்ணம் மங்காமல் இருக்கின்றன. சிறுவர்கள் 'தீப்பெட்டிப் படம்' என்று சேர்த்துவைத்தவையும் அவற்றுள் உண்டு. செய்தவர் யார், எந்த ஊர், பெட்டிக்கு எத்தனை குச்சி என்பன போன்ற செய்திகளை அவற்றிலிருந்து ஆராய்ச்சியாளர் அறிகின்றனர்.

லேபிள் ஏன் நின்றது? காரணங்கள் இரண்டு. ஒன்று, அது ஆயிரக்கணக்கான படிகளாக அச்சாகி ஆயிரக்கணக்கான கைகளுக்குச் சென்றது. பெரும்பாலோர் எறிந்தாலும் ஒருவர் வைத்திருந்தாற் போதும். மற்றொன்று, அதைப் படிக்கக் கண்ணைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. இவ்விரண்டு காரணங்களையும் மனத்திற் கொண்டு இணையத்தின் இளமைக் காலத்தைப் பார்ப்போம்.

உலகளாவிய வலை என்னும் அமைப்பை 1989இல் முன்மொழிந்தவர் டிம் பெர்னர்ஸ்-லீ. அவர் ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். 1993 ஏப்ரலில் செர்ன் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15ஆம் நாள் கிடைத்தது. அக்காலத்து வலையை ஆக்கியோரிற் பலர் வணிகர் அல்லர். ஏதேனும் ஒன்றின்மீது தீராத ஆர்வம் கொண்ட தனி மனிதர். தமக்குத் தெரிந்ததைப் பட்டியலிட்டு உலகத்திற்கு அளிப்பதே அவர்கள் பெற்ற இன்பம். ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர் இருவர் 1994இல் தமக்குப் பிடித்த வலைத்தளங்களை வகைப்படுத்தி எழுதிய பட்டியலே யாகூ என்னும் பெரிய நிறுவனமாயிற்று. மனிதர் கையால் தொகுத்த அந்தப் பட்டியலை அந்நிறுவனமே 2014இன் இறுதியில் மூடிவிட்டது.

இசைத் தட்டுகளுக்கென ஒரு விந்தையான தரவுத்தளம் 1993இல் தோன்றியது. அதன் பெயர் சி.டி.டி.பி. குறுந்தட்டில் பாட்டு இருக்கும். பாட்டின் பெயர் பெரும்பாலும் பதிவாகியிராது. ஆகவே பாட்டுகள் ஓடும் நேர அளவுகளைக் கொண்டு கணிப்பொறி ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டு, இந்தத் தட்டு எது என்று தரவுத்தளத்தைக் கேட்கும். விடை இல்லையெனில், கேட்பவரே பெயர்களைத் தட்டெழுதி அனுப்புவார். இவ்வாறு பல நாட்டு மக்கள் ஊதியமின்றி உழைத்து ஒரு பெரும் பட்டியலை ஆக்கினர். பின்னர் அது வணிக நிறுவனத்தின் உடைமையாயிற்று. உழைத்தவர் பலர் வருந்தினர். அதற்கு மாற்றாக 'ஃப்ரீடிபி' என்னும் திறந்த தரவுத்தளம் எழுந்தது. யார் வேண்டுமாயினும் அதன் முழுப் படியையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அதன் விதி. 2020இல் அத்தளம் மூடப்பட்டது. எனினும் அதன் தரவுகள் அழியவில்லை. படியெடுத்து வைத்திருந்தவர்கள் இருந்தமையால் அவை வேறிடத்தில் தொடர்ந்தன. இந்த வேறுபாட்டை மறவாதீர்கள்.

இனி நம் தமிழுக்கு வருவோம். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ் என்னும் தளம், எளியோரும் செலவின்றி வலையில் மனை கட்டிக் கொள்ள இடம் அளித்தது. அத்தளத்தில் பேட்டைகள் இருந்தன. திரைப்படம் பற்றி எழுதுவோர்க்கு 'ஹாலிவுட்'. கல்வி, இலக்கியம், தத்துவம் பற்றி எழுதுவோர்க்கு 'ஏதென்ஸ்'. ஒவ்வொரு மனைக்கும் ஒரு கதவிலக்கம். தளிச்சேரித் தெருக்களின் நினைவு வருகின்றதன்றோ? அந்த ஏதென்ஸ் பேட்டையில் 5180 என்ற கதவிலக்கத்தில் ஒரு தமிழ்மனை இருந்தது. அதுவே 'தமிழ் மின்னூலகம்'. சுவிட்சர்லாந்து நாட்டின் லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சி செய்த கு. கல்யாணசுந்தரம் அதனைத் தொகுத்தார். 'மயிலை' என்னும் தமிழ் எழுத்துருவை ஆக்கி, கேட்போர்க்கெல்லாம் இலவசமாக வழங்கியவரும் அவரே.

1999இல் யாகூ நிறுவனம் ஜியோசிட்டீஸை விலைக்கு வாங்கியது. 2009 அக்டோபர் 26ஆம் நாள் அதனை மூடியது. சாதாரண மக்கள் எழுதிய கோடிக்கணக்கான பக்கங்கள் தம் இடத்தை இழந்தன. ஆர்வலர் சிலர் இரவு பகலாக உழைத்து ஒரு பகுதியைப் படியெடுத்துக் காத்தனர், எஞ்சியவை போயின. ஏதென்ஸ் 5180 என்ற முகவரி இன்று எவர்க்கும் விடை தருவதில்லை.

தமிழ் ஏடுகளுக்கு இன்னொரு தீங்கும் நேர்ந்தது. தொடக்கத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தனக்கு விருப்பமான எண்களில் வைத்துக்கொண்டது. ஓர் எழுத்துருவில் 'க' இருந்த எண்ணில் மற்றொன்றில் 'ழ' இருக்கும். உரிய எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால், பொருளற்ற ரோமன் எழுத்துகளும் குறிகளுமே தோன்றும். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டுக்குப்பின் 'டாப்', 'டாம்' என்னும் குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. புலம்பெயர்ந்த தமிழர் பலர் கூடி 'திஸ்கி' என்பதை வகுத்திருந்தனர். உலகின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடில் 1991 முதலே தமிழுக்கு இடம் இருந்தது. ஆனால் வீட்டுக் கணிப்பொறிகளில் அது பரவியது 2000க்குப் பின்னரே. ஆகவே அதற்கு முற்பட்ட பக்கங்கள் சில, இடம் அழியாமல் இருந்தும் படிப்பார் இன்றிப் போயின. லேபிளுக்குக் கண் மட்டும் போதும் என்றேனே, அதன் அருமை இங்கு விளங்கும்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வலைப் பக்கங்களைக் காப்பதற்கென்றே 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' என்னும் அமைப்பை அமெரிக்காவில் புரூஸ்டர் கேல் 1996இல் நிறுவினாரே, அது காப்பாற்றாதா? மிகப் பெரிய பணியை அது செய்கின்றது. 2001 முதல் பழைய பக்கங்களை யாவரும் அதில் காணலாம். ஆனால் தரவுத்தளத்தைக் காப்பதில் ஓர் இடர் உண்டு. ஆவணக் காப்பகத்தின் நிரல் இணைப்பைப் பற்றிக்கொண்டு பக்கம் பக்கமாகச் செல்லும். தரவுத்தளமோ, நாம் ஒரு சொல்லை எழுதிக் கேட்டால் மட்டுமே விடைப் பக்கத்தை ஆக்கித் தருவது. என்ன கேட்பது என்று அந்த நிரலுக்குத் தெரியாது. விருதுநகர்க் கிட்டங்கி ஒன்றின் பூட்டிய கதவை மட்டும் ஒருவன் படம் பிடித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்தது மல்லியா, வற்றலா, எத்தனை மூட்டை என்பதைப் படத்தைக் கொண்டு எவ்வாறு அறிவது? காப்பகத்தில் பல பழைய தரவுத்தளங்களின் நிலை இதுவே. வாயில் இருக்கின்றது, சரக்கு இல்லை.

இது பழங்கதை அன்று. 2013இல் இருந்த வலைப் பக்கங்களுள் 38 விழுக்காடு 2023இல் கிடைக்கவில்லை என்று அமெரிக்காவின் பியூ ஆய்வு நிறுவனம் 2024இல் அறிவித்தது. பத்தே ஆண்டுகளில் இவ்வளவு!

அழிவையே பேசிக்கொண்டிருப்பது நம் நோக்கம் அன்று. பிழைத்தது எவ்வாறு என்பதையும் அறிய வேண்டும். அதே கல்யாணசுந்தரம் 1998 பொங்கல் நாளன்று அன்பர்கள் துணையோடு 'மதுரைத் திட்டம்' என்னும் பணியைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது தமிழ் நூல்களைத் தட்டெழுதினர், பிழை திருத்தினர். ஏதென்ஸ் 5180 மறைந்தது. மதுரைத் திட்டம் மறையவில்லை. ஏன்? முதலாவதாக, எவரும் படியெடுத்துப் பரப்பலாம் என்ற உரிமையோடு நூல்கள் வெளிவந்தன. இரண்டாவதாக, அவை ஒரே இடத்தில் இருக்கவில்லை. மூன்றாவதாக, பழைய குறியீட்டில் எழுதியவற்றை யூனிகோடுக்கு மாற்றும் உழைப்பை அன்பர்கள் மேற்கொண்டனர். பனையோலை பழுதுபடுமுன் புதிய ஓலையில் படியெழுதிய நம் முன்னோரின் முறையே இது. ஓலை நீடித்து வாழவில்லை. படியெழுதும் வழக்கமே ஏட்டை வாழ்வித்தது. அவ்வழக்கம் நின்ற இடத்தில் நூல் செல்லுக்கு இரையாயிற்று.

சிறிய தாள்களின் மதிப்பை உணர்ந்தவர் ஒருவரையும் இங்கு நினைவுகூர்வது பொருந்தும். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா, நூல்களோடு துண்டு விளம்பரங்களையும் அழைப்பிதழ்களையும் வாழ்நாள் முழுதும் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் பெற்றது. அதனைக் கொண்டு 1994இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. ஒருவர் சேர்த்தார், அவர் காலத்திற்குப்பின் ஒரு நிறுவனம் பொறுப்பேற்றது. வலை ஏடுகளிற் பலவற்றிற்கு வாய்க்காதது இந்த இரண்டாவது பேறுதான். தொகுத்தவர் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகத்தை விட்டு அகன்றார். அவர் கணக்கு நீக்கப்பட்டது. கணக்கோடு ஏடும் போயிற்று.

மாணவர்களே, இவற்றால் நாம் பெறும் பாடம் யாது? ஒரு செய்தி எதன்மேல் எழுதப்பட்டது என்பதைவிட, அது எத்தனை கைகளில் உள்ளது என்பதும், அடுத்த தலைமுறைக்கு மாற்றி எழுத ஆள் உண்டா என்பதுமே அதன் ஆயுளை அளக்கின்றன. இதனை நான் வெறும் கருத்தாகச் சொல்லி முடிக்க விரும்பவில்லை. உங்கள் தெருவில் மூடிப்போன தீப்பெட்டி ஆபீசுகளின் லேபிள்கள் எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்கலாம். விருதுநகர்ச் சந்தை விலை நிலவரம் அச்சான பழைய நாளிதழ்கள் நூலகத்தில் இருக்கலாம். அவற்றைப் பட்டியலிடுங்கள். யார், எப்போது, எங்கிருந்து எடுத்தார் என்று குறியுங்கள். யூனிகோடில், எளிய உரையாக எழுதுங்கள். இணையத்தில் ஏற்றுங்கள், ஏற்றியதோடு நின்றுவிடாமல் மூன்று படிகள் எடுத்து மூன்று இடங்களில் வையுங்கள். ஒன்று பள்ளி நூலகத்தில் தாளாக இருக்கட்டும். எவரும் படியெடுக்கலாம் என்று முதற்பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

நிறுவனங்கள் தம் கதவை மூடும் நாளை நாம் தடுக்க இயலாது. அந்நாள் வருமுன் ஒரு படி நம் கையில் இருக்கச் செய்வது நம்மால் இயலும்.